டிரெஸர் வீட்டு ராகிப்பால்

கெர்ட்ரூட் வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கோழி மண்ணைக் கிளறி, புழு பொறுக்கி, அளவாகத் தின்றால் முட்டையிடும். அளவு மீறிச் சோற்றைத் தின்றால் அது முட்டையாகாமல் கொழுப்பாகி வயிற்றைச் சுற்றித் தங்கிவிடும். அப்புறம் அதற்கு நடப்பதே பெரும்பாடு. முட்டையைப் பற்றி நினைக்க நேரமேது? கெர்ட்ரூட் வீட்டுக் கோழிகள் சமையற்கட்டுப் படியடியில் குந்திக்கொண்டு, அடுத்த சட்டி எப்போது கவிழும் என்று காத்திருந்தன. கவிழும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும். கவிழாத நாளே இல்லை.

ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் கெர்ட்ரூட்டுக்குக் கை கூசியது.

அவள் கணவர் கிரகோரி, தெப்ராவ் ஆற்றங்கரைக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். ஆனால் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், பல் பிடுங்குவதும், பாம்புக்கடி என்றால் ஓடுவதும் அவர்தான். ஜொகூர் பாருவிலிருந்து டாக்டர் துரை எப்போதாவது மோட்டாரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாதை போட்டு முடித்த புதிது அது. துரைமார்களின் மோட்டார்களெல்லாம் அந்தப் பக்கமே ஓடியதால் தோட்டத்துக்கு வருவது இன்னும் குறைந்திருந்தது.

தோட்டம் பல டிவிஷன்களாகச் சிதறிக் கிடந்தது. கிரகோரி விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். பெரட்டு என்றால், பால் வெட்டப் போகுமுன் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம். அங்கிருந்து சைக்கிளில் ஏறினால் எங்கே போவார், எப்போது வருவார் என்பது கெர்ட்ரூட்டுக்குத் தெரியாது. சில நாள் மத்தியானம் வீட்டுக்கு வருவார். பல நாள் போன இடத்திலேயே, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டில் சாப்பிட்டுவிடுவார். வருவாரா மாட்டாரா என்று தெரியாத மனிதருக்கு எப்படி அரிசி அளப்பது? வந்து நின்று சோறு கேட்கும்போது பானை காலியாக இருந்தால் அந்த வெட்கத்தை யார் சுமப்பது? ஆகவே தினமும் அவர் வருவார் என்றே அவள் உலை வைத்தாள். அவர் வராத நாளில் பானை வடித்தபடியே நின்றது.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழைய சோறு. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ஒரு பருக்கை வெளியே போகாது. டிரெஸர் வீட்டில் மட்டும் அது நடக்காது. கிரகோரி சிங்கப்பூரில் மருந்து வேலை பழகியபோது, ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார். அதில் நெளிந்தவற்றை அவரால் மறக்க முடியவில்லை. அன்று முதல் கிருமி என்ற சொல் அவர் நாக்கிலேயே குடியிருந்தது.

"ராத்திரி பூரா ஊறின சோறுன்னா என்னா தெரியுமா? கிருமிங்க வந்து தங்குற சத்திரம்" என்பார்.

"லயத்துல எல்லாரும் சாப்பிடுறாங்களேங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலைன்னா தினம் எங்கிட்ட எதுக்கு வர்றாங்க?"

தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிய பலகை ஒன்று இருந்தது: 'எதையும் கொதிக்க வைத்துக் குடி.' வீட்டிலும் அதே சட்டம்தான். பொழுது சாய்ந்தால் மிச்சச் சோறு கோழிக்கு.

கெர்ட்ரூட் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்பு மூலையில் மிச்சச் சோற்றுக்கென்று ஒரு பானை. 'அது இருந்துட்டுப் போவட்டும்' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துத் தின்பதில் அவளுக்கு விருப்பம் இல்லை. அந்தப் பானை அவள் அடுப்படியில் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மிச்சச் சோற்றை மசித்து, உப்பும் சீரகமும் போட்டு வடகம் பிழிந்து பார்த்தாள். வடகத்துக்குக் குறைந்தது இரண்டு நல்ல வெயில் வேண்டும். ஜொகூர் வானம் காலையில் வெயிலைக் காட்டி, மத்தியானம் பிடுங்கிக்கொள்ளும். மழையில் நனைந்த வடகம் திரும்பச் சோறாகிவிட்டது. அதையும் கோழிகள் தின்றன.

அவள் உண்மையில் ஏங்கியது ராகிக்கு. ராகி மட்டும் இருந்தால் மிச்சச் சோற்றுக்கு வழி பிறந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் தடுக்கி விழுந்தது. கேழ்வரகைச் சேலத்துப் பக்கம் ராகி என்பார்கள். கெர்ட்ரூட் சேலத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ராகி மாவை முந்தின நாளே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் மிச்சச் சோற்றையும் சேர்த்துப் போட்டுக் கிளறினால் கூழ். அவள் வீட்டில் சோறு வீணாகாமல் போனதற்கு அந்தக் கூழ்தான் காரணம். கிரகோரியோ நாகப்பட்டினத்துக்காரரின் பிள்ளை; பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கேழ்வரகு என்றால்தான் புரியும். புரிந்தாலும் தின்றது கிடையாது. தோட்டத்துக் கடையில் அது வருவதும் இல்லை. லயத்திலிருந்த செல்லப்பன் லீவில் சேலத்துக்குப் போனபோது, "எங்க அண்ணன் வீட்டுல ராகி மாவு தருவாங்க, மறக்காம வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கப்பல் வந்து சேர எத்தனை மாதமோ.

இந்தச் சமயத்தில்தான் காக் மினா வாயைத் திறந்தாள்.

காக் மினா ஆற்றோரக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரி. காக் என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. பலகாரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வருவாள். டிரெஸர் வீட்டுப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவாள். கெர்ட்ரூட்டுக்குத் தெரிந்த மலாய் ஒரு பிடி. காக் மினாவுக்குத் தெரிந்த தமிழ் ஒரு சிட்டிகை. அன்று கெர்ட்ரூட் சட்டியைக் கவிழ்ப்பதைப் பார்த்து அவள் பதறிப்போனாள்.

"அலாமாக்! தங்காச்சி, நாசியை ஏன் கொட்டுறே? தாரோ ராகி-லா!"

நாசி என்றால் சோறு. தாரோ என்றால் போடு. சோற்றில் ராகி போடு!

கெர்ட்ரூட்டின் கையிலிருந்த சட்டி நின்றது. "ராகியா? இங்க ராகி கிடைக்குமா?"

"ஏன் கிடைக்காது? தெப்ராவ் கடையில சீனன் விக்கிறான். நாளைக்கு நானே கொண்டு வர்றேன்."

சேலமும் தெப்ராவும் ஒரே மாதிரி கூழ் காய்ச்சுகின்றன என்று கெர்ட்ரூட்டுக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் காக் மினா கொண்டு வந்தது மாவு அல்ல. வெள்ளையாக, தட்டையாக, பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லைகள். கெர்ட்ரூட் ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தாள். பழைய நெற்குதிரின் வாசம். இந்த நாட்டில் ராகியை உமி நீக்கி, வெளுக்க அரைத்து, வில்லை தட்டிக் காய வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சோறு செஜோக்கா இருக்கணும், ஆறிப் போயிருக்கணும்" என்று காக் மினா கை அசைத்துக் காட்டினாள். "ராகியை இடிச்சுத் தூவு. மூடி வை. திறந்து திறந்து பாக்காதே."

இதுவும் கூழுக்குப் புளிக்க வைப்பது போலவே இருந்ததால் கெர்ட்ரூட்டுக்குச் சந்தேகமே வரவில்லை.

மலாய்க்காரர்கள் ராகி என்பது வேறு சாமான். அந்த வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கூட்டம் உறங்கிக் கிடக்கிறது. முதல் கூட்டம் ஒருவகைப் பூஞ்சை. ஈரச் சோற்றின் மேல் விழுந்ததும் விழித்துக்கொண்டு, சோற்றின் மாவுச்சத்தை அறுத்து அறுத்துச் சர்க்கரையாக்கும். அதனால்தான் ஒரு துளி சீனி போடாமலே சோறு தித்திக்கிறது. இரண்டாவது கூட்டம் ஈஸ்ட். முதல் கூட்டம் செய்து வைத்த சர்க்கரையைத் தின்று, குமிழி குமிழியாகக் காற்றை விட்டு, மிச்சத்தைச் சாராயமாக்கும். சோறு சுடச்சுட இருந்தால் இரண்டு கூட்டமும் வெந்து செத்துப்போகும். ஆகவேதான் ஆறிய சோறு வேண்டும் என்பது. முதல் கூட்டம் நன்றாக வேலை செய்து, இரண்டாவது கூட்டம் சோம்பல் முறிக்கும் நேரத்தில் எடுத்துத் தின்றுவிட்டால் அதற்குப் பெயர் தப்பாய். கம்பத்தில் குழந்தைகள் முதற்கொண்டு விரும்பித் தின்னும் பலகாரம். எடுக்காமல் விட்டால் இரண்டாவது கூட்டம் விழா எடுத்துவிடும்.

கெர்ட்ரூட் எடுக்கவில்லை. திறந்து பார்க்காதே என்ற சொல்லை வேதவாக்காகக் கொண்டு விட்டுவைத்தாள். பல நாள் கழித்து ஜாடி மூடியைத் திறந்தால், சோறு பஞ்சாகக் குழைந்து, வெண்மையான சாற்றில் மிதந்தது. ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். தித்திப்பு, தித்திப்புக்குப் பின்னால் ஒரு சுருக். துணியில் இட்டுப் பிழிந்தாள். பாலைப் போல இறங்கியது. சேலத்தில் ராகியை ஊற வைத்து அரைத்துப் பிழிந்து கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் ராகிப்பால் அவள் நினைவுக்கு வந்தது. அது காவி நிறம், இது வெள்ளை. வெள்ளை ராகி அல்லவா!

அன்று வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கிரகோரிக்கு ஒரு டம்ளர் நீட்டினாள்.

"என்னா இது?"

"ராகிப்பாலுங்க. எங்க ஊர்ல பச்சப் புள்ளைக்குக் கொடுக்குறது."

"கொதிச்சுதா?"

"நல்லாவே கொதிச்சுதுங்க" என்றாள். பொய் இல்லை. ஜாடிக்குள் சாறு நுரைத்துக் கொதித்துக்கொண்டுதான் கிடந்தது. அடியில் அடுப்பு மட்டும் இல்லை.

கிரகோரி குடித்தார். டம்ளரைப் பார்த்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

இவ்வளவு குடித்தும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். கள்ளோ சாராயமோ ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டிராத மனிதர் அவர். கோயிலில் மதுவிலக்குச் சத்தியம் செய்தவர். பூசையில் சாமியார் அருந்தும் திராட்சை ரசத்தைக்கூடத் தூரத்தில் முழங்காலிட்டுப் பார்த்ததோடு சரி. கெர்ட்ரூட்டும் அப்படியே. சர்க்கரை தின்றறியாதவனிடம் சர்க்கரையைக் கொடுத்துப் பேர் கேட்டால் அவன் எப்படிச் சொல்வான்?

'இது மிச்சச் சோத்துல செஞ்சது' என்று அன்றைக்கே சொல்லிவிட அவள் நினைத்தாள். ஆனால் இன்னும் கொஞ்சம் புகழட்டும், நன்றாகப் பழகட்டும், பிறகு சொன்னால் பானைக்கு அனுமதி உறுதி என்று தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டது வினையாயிற்று.

அந்த வாரம் காளியப்பன் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். பால் வெட்டுகிறவன்; கள்ளுக்கடை திறந்ததும் முதல் ஆளாக நிற்பவன் என்று தோட்டமே சொல்லும். அவனுக்கு ஊட்டம் வேண்டுமே என்று கிரகோரி வீட்டிலிருந்து ராகிப்பால் வரவழைத்தார்.

"கள்ளைத் தொடாதே காளியப்பா. இதைக் குடி. பச்சப் புள்ளைக்குக் கொடுக்குறது."

காளியப்பன் மனமில்லாமல் ஒரு வாய் குடித்தான். அப்படியே நின்றான். டிரெஸரை ஏறிட்டுப் பார்த்தான். அவர் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. ஜாடியோடு வந்திருந்த டிரெஸரம்மாவைப் பார்த்தான், அங்கேயும் இல்லை. மீதியை மளமளவென்று குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, பக்தியோடு கும்பிட்டான்.

"ஐயா, எந்தப் புள்ளைக்குக் கொடுக்குறாங்களோ, அது கொடுத்து வெச்ச புள்ளைங்க."

மறுநாள் சாயங்காலம் அவனுக்கு இருமல் வந்தது. "அந்த வெள்ளை மருந்து கொடுத்தீங்கன்னா தேவலைங்க" என்றான். அடுத்த நாள் அவன் பக்கத்து வீட்டு அர்ச்சுனனுக்கு இருமல். அப்புறம் வீரமுத்துவுக்கு. இருமல் லயம் லயமாகப் பரவியது. விசித்திரமான இருமல், ஆண்பிள்ளைகளை மட்டுமே பிடித்தது, பொழுது சாயும் நேரத்தில் மட்டுமே வந்தது, ஒரு டம்ளரில் குணமானது.

கிரகோரிக்குத் தலைகால் புரியவில்லை. "கள்ளுக்கடையில ஆளே இல்லையாம், கெர்ட்ரூட்! வருஷக்கணக்கா நான் புத்தி சொல்லி நடக்காதது ஒரு ராகிப்பால்ல நடந்திருச்சு" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். அவரும் தினம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நாற்காலிக் கையில் தாளம் போட்டு மாதா பாட்டுப் பாடினார். ஒரு நாள் கோழிகளைப் பார்த்து, "என்னா அழகு, என்னா நடை" என்று கண் கலங்கினார்.

ஜாடிகள் பெருகின. காக் மினாவிடம் சொல்லிக் கடையிலிருந்த வில்லைகளையெல்லாம் வாங்கியாயிற்று. ஒரு நாள் காலையில் அடுப்பின் முன்னால் நின்ற கெர்ட்ரூட், தான் செய்துகொண்டிருந்ததைத் தானே பார்த்துத் திடுக்கிட்டாள். ஜாடிக்கு மிச்சச் சோறு போதவில்லை என்று, மிச்சம் வேண்டுமென்பதற்காகவே அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்! கோழிக்குக் கொட்டிய நாளில்கூட இவ்வளவு அரிசி செலவானதில்லை.

இதற்கிடையில் இருமல் கணக்கு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டது. ஒரு தோட்டத்தில் இத்தனை இருமலா, இவ்வளவு சீக்கிரம் குணமா என்று டாக்டர் துரை நேரிலே வருவதாகச் சொல்லி அனுப்பினார். கிரகோரி வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

"துரைக்கு முதல் டம்ளர் நீயே கொடு. எதுல செஞ்சதுன்னு கேப்பாரு, விளக்கமா சொல்லு."

எதில் செய்தது! துரை எதிரில் மிச்சச் சோறு என்று சொன்னால் கிரகோரிக்கு அவமானம்; அதன்பின் பானை என்ற பேச்சையே அவள் எடுக்க முடியாது.

துரை வருவதற்கு முந்தின நாள் செல்லப்பன் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தான்; ஒரு துணிப்பை நிறைய ராகி மாவு. அவள் பையைப் பிரித்து முகர்ந்துகொண்டிருக்கும்போதே காக் மினா மூச்சிரைக்க வந்தாள்.

"தங்காச்சி, என் மகளுக்குக் கல்யாணம். தப்பாய் போடணும், ஒரு ராகிகூட இல்லை. கடையில இருந்ததெல்லாம் உனக்கே வாங்கிக் கொடுத்துட்டேன். கொஞ்சம் திருப்பிக் கொடு."

வில்லைகள் தீர்ந்திருந்தன. "அதுக்கென்ன காக், எங்க ஊர் ராகியே இப்பத்தான் வந்துச்சு" என்று பெருமையோடு கை நிறைய மாவை அள்ளி நீட்டினாள்.

காக் மினா பார்த்தாள். தொட்டாள். "இது என்னா மண்ணு?"

"மண்ணா? ராகி!"

"இது ராகி இல்லை."

"இதுதான் ராகி. நீங்க கொடுத்தது வெள்ளை ராகி, இது சாதா ராகி."

"ராகி வெள்ளையாத்தான் இருக்கும், தங்காச்சி! அதைப் போட்டாத்தான் சோறு பழுக்கும். இதைப் போட்டா என்னா ஆகும்?"

"கூழ் ஆகும்."

"கூழ்னா என்னா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெர்ட்ரூட் மெல்ல எழுந்து, மூலையிலிருந்த ஜாடி ஒன்றைத் திறந்து காட்டினாள். காக் மினா குனிந்து முகர்ந்தவள் சட்டென்று முகத்தை எடுத்துக்கொண்டாள்.

"அலாமாக்! எவ்வளவு நாளா கிடக்குது? நாங்க பழுத்த உடனே சோத்தைத் தின்னுடுவோம். தண்ணியை இப்படிப் போட்டு வெச்சா மாபோக்! கள்ளுக்கு அண்ணன்!" என்று தலையைச் சுழற்றி, கண்ணைச் செருகி, தள்ளாடிக் காட்டினாள். "இதை யாரு குடிச்சா?"

கெர்ட்ரூட் படியில் உட்கார்ந்துவிட்டாள். மாதா பாட்டும், கண் கலங்கியதும், தோட்டத்து இருமலும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. முதலில் அழுகை வந்தது. அழ வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. காக் மினாவுக்குக் காரணம் புரியாவிட்டாலும் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்தபின் கெர்ட்ரூட் யோசித்தாள். ஜாடியைத் துரை முன்னால் வைக்க முடியாது. வெறுங்கையோடு நின்றாலும் கிரகோரிக்குத் தலைக்குனிவு. கையில் இருந்தது ஒரு பை மாவும், ஒரு பானை மிச்சச் சோறும். அவள் மாவைக் கரைத்து வைத்தாள்.

விடிந்ததும் உலையில் நொய்யரிசிக்குப் பதில் மிச்சச் சோற்றைப் போட்டு, புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் கிளறினாள். ராகி மாவு அடிபிடிக்கும் சாதி. கையை நிறுத்தினால் கட்டி தட்டும். கொதி வந்து எரிமலை போலத் தெறிக்கும் வரை விடக் கூடாது. ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் பதம். ஆற வைத்து, மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டாள். பலகையில் எழுதியிருந்த சட்டப்படி, இந்தத் தடவை அடுப்பின் மேலேயே கொதித்தாயிற்று.

டாக்டர் துரை சிவந்த முகத்தோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் இருமல்காரர்கள் வரிசை கட்டியிருந்தார்கள். துரையைக் கண்டதும் இருமல் ஒரே சமயத்தில் எழுந்து, கூரைத் தகரம் அதிர்ந்தது. காளியப்பன் இருமிய இருமலில் ஒரு சங்கீதமே இருந்தது.

கெர்ட்ரூட் கூழ்ப்பானையோடு வந்தாள். நிறத்தைப் பார்த்ததும் கிரகோரியின் புருவம் ஏறியது; துரை எதிரில் எதுவும் கேட்க முடியவில்லை. முதல் டம்ளர் துரைக்கு. இரண்டாவது, நோயாளிகளில் மூத்தவனான காளியப்பனுக்கு.

காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆவலாக ஒரு வாய் இழுத்தான். கண் திறந்தது. வாய்க்குள் இருப்பதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். கடைசியில் விழுங்கினான்.

"டிரெஸரம்மா," என்றான் பரிதாபமாக, "பானை மாறிப் போச்சுங்களா?"

"இல்லை காளியப்பா. இப்பத்தான் சரியான பானை வந்திருக்கு."

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம், "டேய், கூழுடா" என்றான். அர்ச்சுனனுக்கு இருமல் நின்றது. வீரமுத்து தொண்டையைத் தடவிப் பார்த்து, தேவலை என்று கிளம்பினான். குடிக்காமலே வரிசை கரைந்துபோயிற்று.

துரை இதையெல்லாம் கவனிக்கவில்லை. இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டியவர், தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "ரொம்ப நல்லா இருக்கு. இது என்னா சாமான்?"

வந்துவிட்டது கேள்வி. கெர்ட்ரூட் கிரகோரியைப் பார்க்காமல் சொன்னாள்: "கேழ்வரகு மாவுங்க, தொரை. அதோட நேத்து மிஞ்சின சோறு."

கிரகோரி வெளிறிப்போனார். "நேத்து சோறா?" என்றார் துரை.

"ஆமாங்க. திரும்பக் கொதிக்க வெச்சது" என்று சுவரிலிருந்த பலகையைக் கை காட்டினாள்.

துரை பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, கிரகோரியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "டிரெஸர், உன் போதனை உன் வீட்டிலேயே நடக்கிறது!" என்று இங்கிலீஷில் சொன்னார். மடத்துப் பள்ளியில் படித்த கெர்ட்ரூட்டுக்கு அது புரிந்தது. அதற்கு அடுத்தது இன்னும் நன்றாகப் புரிந்தது. இவ்வளவு பெரிய தோட்டத்தில் யாருக்கு நோய் என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய் என்று துரை கேட்க, கிரகோரி பணிவாகச் சொன்னார்: "பெரட்டிலேயே மண்டோர்கள் சொல்லிவிடுவார்கள், சார். விடிவதற்குள் அன்றைக்கு மத்தியானம் நான் எந்த டிவிஷனில் இருப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிடும்."

கெர்ட்ரூட் அகப்பையைக் கீழே வைத்தாள்.

மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் கிரகோரி, "ராகிப்பால் எங்க?" என்றார். அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். இரண்டு ராகியையும் சொன்னாள்; அடுப்பில்லாமல் கொதித்ததையும் சொன்னாள். அவர் மெல்லப் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"அப்ப நான்... தினமும்..."

"ரெண்டு டம்ளருங்க."

"பாடினது?"

"நல்லாத்தான் பாடினீங்க."

கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து கிட்டே போனபோதுதான், "பச்சப் புள்ளைக்குக் கொடுக்குறதுன்னு சொல்லிச் சொல்லிக் கொடுத்தேனே" என்று விக்கி விக்கிச் சிரிப்பது தெரிந்தது.

"மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்" என்றாள் அவள். "அதுக்கு முந்தி எங்கிட்ட கேளுங்க. மத்தியானம் எங்க இருப்பீங்கன்னு விடியறதுக்குள்ள தெரியுமாமே?"

சிரிப்பு நின்றது. "தெரியும்."

"அதை எங்கிட்ட சொல்லணும்னு ஒரு நாளும் தோணலையா?"

"நீ கேக்கலையே" என்றார். சொன்னபிறகு அது எவ்வளவு மோசமான பதில் என்று அவருக்கே புரிந்து, தலையைச் சொறிந்தார்.

ஜாடிகளில் மிஞ்சியிருந்த ராகிப்பாலை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கீழே கொட்டக் கெர்ட்ரூட்டுக்கு மனம் வருமா? துணி கட்டிக் காற்றாட வைத்தாள். காற்றிலிருந்து மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து இறங்கி, சாராயத்தைத் தின்று அதைப் புளிப்புக் காடியாக்கியது. அந்தக் காடியில் வெள்ளரிக்காயும் மிளகாயும் ஊறின. காளியப்பன் ஒரு நாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவனைப் போலப் போனான்.

துரை வந்து போன மறுநாள் தொடங்கி, டிரெஸர் வீட்டு வாசலில் இரண்டாவது பெரட்டு நடந்தது. கிரகோரி தோட்டத்துப் பெரட்டு முடிந்து, சைக்கிளோடு வீட்டு வழியாக வந்தாக வேண்டும். கெர்ட்ரூட் மண்டோரைப் போல இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"கிரகோரி!"

"வந்தேன்!"

"மத்தியானம்?"

"அஞ்சாம் டிவிஷன். சாப்பிட வரமாட்டேன்."

அளந்த அரிசியில் பாதி திரும்ப அரிசிப் பெட்டிக்குள் போகும். கோழிகள் படியடியில் காத்துக் காத்து, சட்டி கவிழாததைக் கண்டு மனம் உடைந்து, வேறு வழியின்றி வேலியோரம் மண்ணைக் கிளறத் தொடங்கின.

ஒரு நாள் வரமாட்டேன் என்று பேர் கொடுத்துவிட்டுப் போன கிரகோரி உச்சி வெயிலில் வந்து நின்றார். அஞ்சாம் டிவிஷன் மண்டோர் வீட்டில் அன்று யாரும் இல்லையாம்.

"சோறு?"

"பெரட்டுல நீங்க கொடுத்த கணக்குப்படி உங்களுக்குச் சோறு கிடையாது."

"நான் இந்த வீட்டு ஆளு!"

"அதனாலதான் பேசிக்கிட்டு இருக்கேன். வெளி ஆளா இருந்தா கதவையே திறந்திருக்க மாட்டேன்."

கிரகோரி சமையற்கட்டுக்குள் வந்தார். பசி அவரை அங்குமிங்கும் பார்க்க வைத்தது. அடுப்பு மூலையில், துணி கட்டிய மண்பானை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அது அங்கே வந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பானையில என்னா இருக்கு?"

"சத்திரம்" என்றாள் கெர்ட்ரூட்.

அவர் டம்ளரை எடுத்து நீட்டினார். "எத்தனை பேரு தங்கியிருக்காங்கன்னு பார்ப்போம், ஊத்து."